வாளியில் கலந்த பூமி

நிலத்துக்கு அடியில் என்ன நடக்கிறது என்பதைக் கண்ணால் கண்டவர் எவருமில்லை. கண்ணால் காணாததைப் பற்றி உறுதியாகப் பேசும் உரிமை நம் நாட்டில் நெடுங்காலம் சாமியாடிகளுக்கு மட்டுமே இருந்தது. அவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை, அதுவும் உடுக்கை அடித்தால்தான் பேசுவார்கள். பேசி முடித்ததும் களைத்து விழுந்துவிடுவார்கள். நாகரிகம் வளர்ந்தது. சாமியாடி நின்ற இடத்தில் வாரியம் வந்து அமர்ந்தது. வாரியம் ஆண்டு முழுவதும் பேசும், களைப்பதே இல்லை.

நிலத்தடி நீர்த் தூய்மை நெறிமுறை வாரியம் என்பது அதன் திருப்பெயர். அதற்குத் தலைவர் உண்டு, வண்டி உண்டு, வண்டிக்குமேல் சுழலும் விளக்கு உண்டு. வேலை மட்டும் இல்லாதிருந்தது. அந்தக் குறையைப் போக்கிய பெருமை பாக்கியத்தைச் சேரும்.

மணலூர்பேட்டைக்கு அப்பால், பெண்ணையாற்றை ஒட்டிய சிற்றூர் ஒன்றின் காலனித் தெருவில் பாக்கியத்தின் வீடு. கரும்பு வெட்டும் காலத்தில் கரும்பு வெட்டுவாள். நடவுக் காலத்தில் நாற்று நடுவாள். இரண்டும் இல்லாத காலத்தில் மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றுவாள். கணவன் இன்னாசி மூட்டை தூக்குகிறவன். ஒரே மகள் பிரின்சியைக் களமருதூரில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். கருவுற்றிருந்த பிரின்சிக்கு ஏழாம் மாதம் பிறந்தது. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது ஏழையும் விட்டுக்கொடுக்காத உரிமை. வளையல் வாங்கியாயிற்று, நார்க்கட்டிலுக்குப் புதுக்கயிறு போட்டாயிற்று. நாள் குறிக்க வந்த சம்பந்தியம்மாள், ஒரு குவளைத் தண்ணீர் கேட்டு வாங்கி ஒரு வாய் குடித்தாள்.

"இன்னா சம்மந்தி, தண்ணியில புளி கரைச்சு வெச்சிக்கிறீங்களா?"

"இல்லீங்க சம்மந்தி, அடிபம்பு தண்ணிதான். இப்போ ஒரு மாசமா லேசா ஒரு வாடை..."

"இது லேசா? அழுவுன கெழங்கு நாத்தம்மா இது." சம்பந்தியம்மாள் குவளையைத் தரையில் வைத்தாள். "கோச்சிக்காதீங்க. வாயும் வவுறுமா கீற பொண்ண இந்தத் தண்ணிய குடிக்க அனுப்ப மாட்டேன். தண்ணி நல்லானா சொல்லி அனுப்புங்க. ஆவலன்னா பிரசவம் எங்க வூட்லயே ஆவட்டும்."

அவள் சொன்னதில் குற்றமில்லை. குற்றமில்லாத சொல்தான் ஆழமாக வெட்டும்.

நாற்றம் எங்கிருந்து வந்தது என்பதில் தெருவில் எவருக்கும் ஐயமில்லை. மேற்கே, கூப்பிடு தூரத்துக்குச் சற்று அப்பால், ஒரு ஜவ்வரிசி ஆலை நின்றது. கல்வராயன் மலையிலிருந்து லாரி லாரியாக மரவள்ளிக்கிழங்கு இறங்கும். ஆலையிலிருந்து வெள்ளை வெளேரென்று ஜவ்வரிசி ஏறும். கிழங்கைக் கழுவிய புளித்த நீர் ஒரு கால்வாய் வழியே போய், வெறும் மண்ணில் வெட்டிய பெருங்குழியில் விழும். குழி என்றும் நிரம்பியதில்லை. அதை ஆலை முதலாளி இறைவனின் அருள் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பாக்கியத்தைக் குழப்பியது வேறொன்று. அவள் வீட்டுப் பம்பில் நாற்றம்; வேலிக்கு அந்தப்புறம் செல்லியம்மாள் வீட்டுப் பம்பில் இளநீர் போன்ற தண்ணீர்.

"உன் குழாய்க்குள்ள எலி கிலி செத்து கெடக்குதா பாரு பாக்கியக்கா," என்றாள் செல்லியம்மாள்.

எலி ஏதும் சாகவில்லை. பெண்ணையாறு இன்று ஓடும் இடத்தில்தான் என்றும் ஓடியது என்று எவருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. காலங்காலமாக அது புரண்டு படுத்த இடமெல்லாம் பருமணலும் கூழாங்கல்லும்; வெள்ளம் வடியாமல் தேங்கிய இடமெல்லாம் களிமண். மணலுக்குள் தண்ணீர் ஓடும், களிக்குள் ஊரும். ஆலைக்குழிக்கு அடியிலிருந்து பழைய ஆற்றுத்தடம் ஒன்று மண்ணுக்குள் மறைந்து கிழக்கே வருகிறது. பாக்கியத்தின் குழாய் அந்தத் தடத்தில் இறங்கியிருந்தது; செல்லியம்மாளின் குழாய் பக்கத்துக் களித்திட்டில் இறங்கியிருந்தது. ஒன்றுக்கு விரைவு வண்டி வந்துவிட்டது. மற்றதற்கு மாட்டு வண்டி வந்துகொண்டிருந்தது. ஆற்றங்கரையில் விளையாடிய குழந்தைக்கும் விளங்கும் செய்தி இது. ஆகவே, வாரியத்துக்கு விளங்க வேண்டிய கட்டாயம் ஏதுமில்லை.

பாக்கியம் மனுக் கொடுத்தாள். வாரியம் வந்தது.

வண்டி காலனித் தெருவுக்குள் நுழையவில்லை; முனையிலேயே நின்றது. தெரு குறுகல் என்றார் ஓட்டுநர். அதே தெருவில் கரும்பு லாரி வந்து போவதை அவருக்கு எவரும் நினைவூட்டவில்லை. தலைவர் செழியன் இறங்கினார். பின்னால், பெட்டியும் குடையும் தலைவரின் தண்ணீர்ப் புட்டியுமாக உதவிப் பொறியாளர் இளமாறன் இறங்கினார். இளமாறனுக்குத் தலை நரைத்திருந்தது. இன்னும் இரண்டாண்டில் ஓய்வு. மறுத்துப் பேசாமல் முப்பதாண்டு கடந்தவர் என்பது அவருடைய பணிச்சிறப்பு.

துளையிடும் எந்திரம் பாக்கியத்தின் வாசலில் நாட்டப்பட்டது. தேங்காய் உடைத்தார்கள். மண் மேலே வந்தது: முதலில் செம்மண், அதன்கீழ் ஒட்டிப் பிடிக்கும் கருங்களி, அதன்கீழ், தெருவே குனிந்து பார்க்கும்படி, பளபளவென்று ஆற்று மணலும் கூழாங்கல்லும், அதற்கும் கீழே மீண்டும் களி. மணலோடு வந்த நீர் தெரு முழுக்க நாறியது.

"தோ, இதான் சார் அந்த நாத்தம்!" என்றாள் பாக்கியம். "இந்த மணல்லதான் வருது. பாருங்க, மோந்து பாருங்க!"

"பொறுங்கள் அம்மா," என்றார் தலைவர். "பகுதியைப் பார்த்து முழுமையைப் பழிக்கக் கூடாது. வாளியைக் கொண்டு வாருங்கள்."

வாரியத்தின் ஆராய்ச்சி முறையை இங்கே விளக்கியாக வேண்டும். பூமியை அடுக்கடுக்காக ஆராய்ந்தால் அடுக்குக்கு ஓர் அறிக்கை எழுத வேண்டும். எனவே வாரியம், 'ஒருமைப்பாட்டுக் கலவை விதி' என்று ஒன்றை வகுத்திருந்தது. அதன்படி, துளையிலிருந்து எடுத்த எல்லா மண்ணையும் ஒரே வாளியில் கொட்டிக் கலக்க வேண்டும். கலவையை ஒரு கண்ணாடிக் குழாயில் அடைத்து, மேலே தண்ணீர் ஊற்றி, கீழே முதல் துளி விழும் நேரத்தைக் குறிக்க வேண்டும். அந்தக் கலவைக்குச் 'சராசரி மண்' என்று பெயர். சராசரி மண் பூமியில் எங்கும் இல்லை. வாரியத்தின் வாளியில் மட்டுமே கிடைப்பதால் அதற்கு மதிப்பு அதிகம்.

வாளியின்முன் நின்று தலைவர் முழங்கினார்:

"பெரியோர்களே, தாய்மார்களே! மேலே இருப்பதால் செம்மண் உயர்ந்ததா? கீழே கிடப்பதால் கூழாங்கல் தாழ்ந்ததா? மணலுக்கு ஒரு நீதி, களிமண்ணுக்கு ஒரு நீதி என்று பேதம் பாராட்டுவது பழைய காலத்து மடமை! இந்த வாரியம் எந்த மண்ணையும் தள்ளி வைக்காது. எல்லா மண்ணும் ஒரு வாளி! எல்லா வாளிக்கும் ஒரு கணக்கு! இதுவே நாங்கள் கண்ட சமத்துவம்!"

தெருமுனையில் நின்ற வண்டியிலிருந்து ஓட்டுநர் கை தட்டினார்.

மனிதருக்குள் தர முடியாத சமத்துவத்தை மண்ணுக்குத் தாராளமாக வழங்கிவிட்டு, தலைவர் சட்டைக்கையை மடித்துத் தாமே கலக்கினார். மணல் ஒத்துழைக்கவில்லை, உதிர்ந்து உதிர்ந்து ஓரம் ஒதுங்கியது. பிரிவினை மனப்பான்மை என்று சினந்து, மேலும் இரண்டு கை களிமண் சேர்க்கச் சொன்னார். இப்போது கலவை மாவுபோல் ஒட்டியது. குழாயில் அடைத்துத் தண்ணீர் ஊற்றினார்கள். துளி விழவில்லை. பிரியாணி வந்தது, துளி விழவில்லை. பிரியாணி முடிந்தது; பொட்டலத்துக்கு நாய்கள் சண்டையிட்டுப் பிரிந்தன; அப்போதுதான் ஒரு துளி, கட்டாயத்தின்பேரில் பதவி விலகும் அமைச்சரைப்போல, தயங்கித் தயங்கி விழுந்தது.

இளமாறன் கணக்குப் போட்டார். தலைவர் அறிவித்தார்:

"ஆலைக்குழியின் நீர் இந்த வீட்டை அடையும் ஆண்டு இரண்டாயிரத்துத் தொண்ணூற்று மூன்று. அதுவரை அச்சம் வேண்டா."

பாக்கியம் விழித்தாள். "அப்போ இப்போ வந்துக்கினு கீறது இன்னா சார்?"

"அது மாசு ஆகாது. மாசு இன்னும் வரவில்லை."

"மூக்குக்குத் தெரியுதே சார்!"

"மூக்கு, வாரியத்தால் ஏற்கப்பட்ட கருவி அன்று. மேலும் பாருங்கள், பக்கத்து வீட்டுத் தண்ணீர் தெளிவாக இருக்கிறது. உண்மையான மாசு நடுநிலையோடு பரவும். ஒரு வீட்டுக்கு வந்து அடுத்த வீட்டுக்கு வராமல் ஓரவஞ்சனை செய்யாது. ஒரே வீட்டில் மட்டும் நாற்றம் என்றால் அதற்குப் பெயர் மாசு அன்று. குடும்பப் பராமரிப்புக் குறைவு."

சுற்றி நின்ற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மறுநாள் வாரியத்தின் ஆட்கள் வந்து, பாக்கியத்தின் பம்புக்குப் பக்கத்தில் ஒரு பலகை நட்டார்கள்: 'மாசு வரும் ஆண்டு 2093. வதந்தி பரப்புவோர் தண்டிக்கப்படுவர்.' இன்னாசி அதில் கைலியைக் காயப்போட்டான்.

பாக்கியம் மேல்முறையீடு செய்தாள். விசாரணைக்கு அழைப்பு வந்தது, இடம், வெள்ளிமலை. ஆற்றங்கரைத் தண்ணீரை மலையுச்சியில் விசாரிப்பது ஏன் என்று கேட்பவர்கள் வாரியத்தின் தத்துவம் அறியாதவர்கள். 'நீரின் நீதி அதன் ஊற்றுக்கண்ணில்' என்று அழைப்பிலேயே அச்சிட்டிருந்தது. அது சித்திரை மாதம் என்பதும், வெள்ளிமலை விருந்தினர் இல்லத்தில் காற்று சிலுசிலுவென்று வீசும் என்பதும் தற்செயல்.

புறப்படும் காலையில் செல்லியம்மாள் வேலியோரம் வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"பாக்கியக்கா, எங்க பம்புலயும் லேசா வாடை வருதுக்கா. யார்கிட்டயும் சொல்லாத. வூட்ல கைக்கொழந்த கீது, எம்மருமவ பயந்துக்குவா."

மாட்டு வண்டி வந்து சேர்ந்துவிட்டது.

ஒரு புட்டியில் பம்புத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு, பாக்கியமும் இன்னாசியும் கள்ளக்குறிச்சியில் மலைப்பேருந்து ஏறினார்கள். வளைவுக்கு வளைவு பேருந்து சாய்ந்தது. எதிரே கிழங்கு லாரிகள் இறங்கிக்கொண்டிருந்தன. புட்டியின் மூடி கசிந்து நாற்றம் கிளம்பியது. "யாருப்பா அது ஜவ்வரிசி ஆலைய மடியில வெச்சிக்கினு வர்றது?" என்றார் நடத்துநர். வழி முழுக்கச் சிரித்தார்கள். ஏற்கப்படாத கருவிகள் ஒரு பேருந்து நிறைய இருந்தன.

விருந்தினர் இல்லத்தில் தலைவர் கம்பளிச் சட்டை அணிந்து வீற்றிருந்தார். புட்டியைத் திறக்கச் சொன்னார். உடனே மூடச் சொன்னார்.

"ஒரு புட்டித் தண்ணீரை வைத்துக்கொண்டு முடிவுக்கு வருவது அறிவியல் ஆகாது," என்றார். வெள்ளிமலை ஓடைத் தண்ணீர் ஒரு பெரிய குடத்தில் வந்தது. பாக்கியத்தின் புட்டியிலிருந்து ஒரு மூடியளவு அதில் ஊற்றப்பட்டது. இளமாறன் கலக்கினார். ஆய்வுத் தாள் நனைக்கப்பட்டது.

"மாவட்டத்தின் சராசரித் தண்ணீர் தூயது," என்று தீர்ப்பளித்தார் தலைவர்.

"சார், நா குடிக்கிறது மாவட்டத்துத் தண்ணியில்ல. எம்பம்பு தண்ணி."

"அதுதான் அம்மா உங்கள் குறுகிய பார்வை. தன் வீடு, தன் பம்பு என்று எண்ணுவதை விட்டு, பொதுவாக எண்ணிப் பாருங்கள். நான் புட்டித் தண்ணீர் குடிக்கிறேன். நீங்கள் அந்தத் தண்ணீர் குடிக்கிறீர்கள். இருவரையும் சேர்த்துக் கணக்கிட்டால், இருவருமே நலமாகத்தான் இருக்கிறோம்! இதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லையே?"

அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு உண்மையிலேயே ஒரு குறையும் தெரியவில்லை. அடக்குமுறையின் அடிப்படையே அந்தத் தெரியாமைதான்.

வெளியே வந்தபோது இளமாறன் பின்னால் ஓடிவந்தார். இன்னாசியைத் தனியே அழைத்தார். ஒரு வழி உண்டு என்றார். தங்கள் வீட்டு நீர் சராசரியில் தூயதே என்று பாக்கியம் கையொப்பமிட்டால், மகளின் பிரசவம் முடியும்வரை நாள்தோறும் இரண்டு கேன் தண்ணீர் ஆலைச் செலவில் வீடு தேடி வரும்.

இன்னாசி மனைவியிடம் வந்தான். "போட்டுத் தொல பாக்கியம். புள்ள வந்து சேரட்டும். ஒரே பொண்ணுடி நமக்கு."

பாக்கியம் பேனாவை வாங்கினாள். கண்ணெதிரே பிரின்சி கண்ணாடி வளையல் குலுங்க வாசலில் நின்றாள். கை தாளின்மேல் இறங்கியது; இறங்கிய கை நின்றது.

"செல்லி வூட்டுக்கு கேன் வருமா சார்?"

"அவர்கள் மனுக் கொடுக்கவில்லையே அம்மா."

"பிரசவம் ஆனப்புறம்? புள்ளைக்கு வென்னி வெக்க வாணாவா? பாலு கலக்க வாணாவா? கேன் நின்னுடும். குழி நிக்குமா?"

இளமாறன் வாய் திறக்கவில்லை. அவருடைய பணிச்சிறப்பு அது.

"எம்மவ குடிக்கிற தண்ணி அந்தத் தெருவு குடிக்கிற தண்ணியா இருக்கட்டும் சார்," என்று பேனாவை அவர் சட்டைப்பையிலேயே செருகினாள் பாக்கியம். "எனக்கு மட்டும் நல்ல தண்ணி ஊத்தி எந்தெருவ நாற வுடறதுக்கு நா கையெழுத்து போட மாட்டேன்."

"பைத்தியமாடி நீ?" என்றான் இன்னாசி.

"ஆமா. நீங்க அந்தப் பக்கம் கேன தூக்குங்க, இல்ல நாளைக்கு எங்கூட மூட்டைய தூக்குங்க. எது தோதோ பாத்துக்குங்க."

மலை இறங்கியதும் இன்னாசி கேட்டான்: "எத்தினி மூட்ட வேணும்?"

மறுநாள் விடிந்ததும் காலனிப் பெண்கள் மண்வெட்டியும் கோணியுமாகப் புறப்பட்டார்கள். செல்லியம்மாள் முன்னால் நடந்தாள். மருமகளிடம் உண்மையைச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். மணல் மூட்டை நிற்காது என்று களிமண்ணாகப் பார்த்து வெட்டிக் கட்டினார்கள். ஆலையின் கழிவுநீர்க் கால்வாய், குழிக்குப் போகும் வாயில், கோணிகளால் அடைபட்டது. அடைத்த கரைமேல் பெண்கள் உட்கார்ந்தார்கள்.

புளித்த நீர் சற்று நேரம் யோசித்தது. பிறகு வந்த வழியே திரும்பியது. கால்வாயை நிரப்பி, ஆலைக் களத்தில் ஏறி, காயப்போட்டிருந்த வெள்ளை ஜவ்வரிசிக்குள் புகுந்தது. முதலாளி கைப்பேசியை எடுத்தார்.

ஒரு மனுவுக்கு ஒரு மாதம் எடுத்துக்கொண்ட வாரியம், முக்கால் மணி நேரத்தில் வந்தது! சுழலும் விளக்கு சுழல, குறுகல் என்று எந்தத் தெருமுனையிலும் நில்லாமல், காலனியின் நடுவே பாய்ந்து வந்தது. ஆலையோரம் தலைவர் இறங்கிய இடத்தில் கணுக்கால் அளவு புளித்த நீர். அவருடைய கை தானாக எழுந்து மூக்கைப் பொத்தியது. அந்தத் தெருப் பெண்கள் ஒரு நாளும் மூக்கைப் பொத்தியதில்லை. அவர்கள் கையில் எப்போதும் குடம் இருந்தது.

"எவர் கொடுத்த அதிகாரத்தில் இதை அடைத்தீர்கள்?"

"எவன் கொடுத்த அதிகாரத்துல இத தொறந்து வுட்டீங்க?" என்றாள் செல்லியம்மாள்.

"இது தொழில் வளர்ச்சிக்கு எதிரான குற்றம்! ஆலை நின்றால் நாட்டுக்கு இழப்பு!"

"ஆலைய நிறுத்த சொல்லல சார்," என்றாள் பாக்கியம். "அந்தக் குழிய மூடுங்க. கழிவ சுத்தம் பண்ணி வுட்டுட்டு கெழங்கு அரைங்க. அது வரைக்கும் எங்க தெருவுக்கு வேற எடத்துலேர்ந்து தண்ணி இழுத்து வுடுங்க. அந்தாண்ட குழிய மூடுற அன்னிக்கு இந்தாண்ட மூட்டைய எடுத்துடறோம்."

"அத்தனை பேர் மீதும் வழக்கு! இளமாறன், பெயர்களை எழுதுங்கள்!"

இளமாறன் தாளை எடுத்தார். ஓடுவார்கள் என்று தலைவர் எதிர்பார்த்தார். கரைமேல் இருந்தவர்கள் எழுந்து வரிசையாக வந்தார்கள்.

"பாக்கியம். இன்னாசி பொஞ்சாதி."

"செல்லியம்மா. நல்லா எழுத்து தெரியறாப்ல எழுதுங்க."

"பெரியம்மா."

"ஆண்டாளு."

"செவ்வந்தி. எங்கூட்டுக்காரரு பேரு வாணாம், நா மட்டும்தான் வந்தேன்."

"இன்னாசி," என்றான், இரண்டு மூட்டையைத் தோளிலிருந்து இறக்கிக்கொண்டே.

அப்போது மணலூர்பேட்டைப் பக்கமிருந்து ஓர் ஆட்டோ வந்து நின்றது. பிரின்சி வயிற்றை ஒரு கையால் தாங்கி, மறு கையால் கம்பியைப் பிடித்து இறங்கினாள். பின்னாலேயே, கூடையும் முனகலுமாகச் சம்பந்தியம்மாள் இறங்கினாள்.

பாக்கியம் ஓடினாள். "ஏண்டி இந்த வெயில்ல வந்த? தண்ணி இன்னும் நல்லாவுல டி!"

"தண்ணி நல்லானப்புறம் வர்றதுக்கு நா இன்னா விருந்தாளியாம்மா?"

"நா சொன்னா எங்க கேக்கறா," என்றாள் சம்பந்தியம்மாள். "போன் வந்ததும் கெளம்பிட்டா. தனியா வுட முடியுமா? எங்க வூட்டுத் தண்ணி நாலு புட்டி கொண்டாந்துக்கிறேன்." கூடையைக் கரைமேல் வைத்துவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு செல்லியம்மாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பிரின்சி நேரே இளமாறனிடம் சென்றாள்.

"எழுதுங்க சார். பிரின்சி."

எழுதினார். அடுத்த பெயருக்காகப் பேனா கீழே இறங்கியது.

"இருங்க. அதுக்குக் கீழ ஒரு வரி காலியா வுடுங்க," என்றாள். கை வயிற்றின்மேல் இருந்தது. "இது ஒண்ணு வந்துக்கினு கீது. பேரு வெச்சிட்டு சொல்றோம்."

"அதெல்லாம் முடியாது! எழுதாதீர்கள், இளமாறன்!" என்று மூக்கைப் பொத்திய குரலில் கத்தினார் தலைவர்.

இளமாறன் தலைவரைப் பார்த்தார். முப்பதாண்டில் முதன்முறையாக, சொன்னதைச் செய்யவில்லை. ஒரு வரியைக் காலியாக விட்டார். அதன் ஓரத்தில் வரிசை எண்ணை மட்டும் இட்டார்.